களையில் பிறந்த களிறுகள்

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் யானைச் சிற்பங்களின் கண்காட்சியொன்று நடைபெற்றது. கரிசல் மண்ணாகிய குருவிகுளத்திலிருந்து சென்ற நாம் அதைக் கண்டு வந்தோம். ஹைதர் அலி 1760இல் அமைக்கத் தொடங்கியது அத்தோட்டம். பன்னாட்டுச் செடிகளையும் மரங்களையும் வரவழைத்து வளர்த்த இடம். அழகுக்கென்றே கடல்கடந்து கொண்டுவரப்பட்டு, பின்னர் காட்டையே விழுங்கிய ஒரு செடியால் ஆன யானைகளை அங்கு நிறுத்தியது பொருத்தமே.

அச்செடி உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளுக்கு உரியது. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டப் பூச்செடியாக இங்கு வந்து வேலி தாண்டிற்று. அது புதராக மண்டிய இடத்தில் புல் முளைப்பதரிது. மேய்ச்சல் இழந்த யானை வயலைத் தேடி வருகிறது. வந்தபின் நடப்பவை நாம் அறிந்தவைதாம். நீலகிரியைச் சூழ்ந்த காடுகளில் வாழும் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகியோர் அச்செடியின் தண்டை வெட்டி, வேகவைத்து, தோலுரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் வளைத்துப் பிணைத்துச் செய்தவையே இவ்யானைகள். காட்டில் உண்மையாகவே உலவும் தனித்தனி யானைகளின் நிழற்படங்களைக் கொண்டு ஆளுயர்ந்த அளவில் ஆக்கப்பட்டவை. 2021இல் இலண்டன் பூங்காக்களிலும், 2024இல் நியூயார்க் நகரத் தெருக்களிலும் இத்தகைய யானைகள் நின்றன.

தொலைவிலிருந்து காண்போர்க்கு அவை யானைகள். அருகில் சென்றால் வெறும் குச்சிகள். இரண்டிற்கும் இடையே ஓர் அடி முன்னும் பின்னுமாக நின்று பார்ப்பதிலேதான் சுவை. துதிக்கையில் குச்சிகள் குறுக்காக வளைந்து மடிப்பாகின்றன. விலாவில் நீண்டோடித் தோலின் தொய்வாகின்றன. அண்ணாந்து பார்க்குமளவு நின்ற ஒரு பிடியின் வயிற்றடியில் கன்றொன்று ஒதுங்கியிருந்தது. அதன் முதுகில் விழுந்த நிழலையும் சிற்பத்தின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

எனினும் நமக்கொரு குறை. அத்தனை யானைகளும் சாந்தமாயிருந்தன. வெட்டிச் சீராக்கிய புல்வெளியில், சிறுவர் சூழ, திருமண வீட்டு விருந்தினர்போல் நின்றன. இரவில் வாழைத்தோட்டத்தில் கிளைமுறியும் ஓசை கேட்டு உறக்கமிழந்தவனின் யானை அங்கில்லை. மனிதனும் விலங்கும் இணைந்து வாழ வேண்டும் என்பதே கண்காட்சியின் செய்தி. அச்சத்தை நீக்கிவிட்டுச் சொன்னால் அச்செய்தி பாதியே.

அதே நீலகிரியின் ஆலுக்குறும்பர் வரையும் ஓவியங்களில் அவ்வச்சம் உண்டு. வேங்கை மரத்தின் பிசினிலிருந்து செந்நிறமும், இலையிலிருந்து பசுமையும், கரியிலிருந்து கருமையும் எடுத்துத் தீட்டுபவை அவை. செங்குத்துப் பாறையில் கொடிகளைப் பற்றித் தொங்கித் தேனெடுக்கும் மனிதனைப் பாருங்கள்: ஒல்லியான நான்கைந்து கோடுகள்தாம், ஆயினும் கீழே பாதாளம் இருப்பது தெரிகிறது. சிற்பம் காட்டாததை இச்சிறு சித்திரம் காட்டிவிடுகிறது.

ஊர் திரும்புகையில் வழிநெடுகச் சீமைக் கருவேலம். அதுவும் கடல்கடந்து வந்து கரிசலை வளைத்ததே. நம்மூருக்கு அருகிலுள்ள கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டில் ஒரு முழுப்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வெட்டுவான் கோயிலைச் செதுக்கினார்கள், முடிக்காமலே விட்டார்கள். கண்முன் கிடந்த கரட்டைக் கலைப்பொருளாகக் கண்ட கண் அது. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர், சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபுநாட்டை வயலும் புனலும் பொங்கும் மருதமாகப் பாடினார். காப்பிய மரபு அப்படி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர் நடந்த கரிசலை எழுத்தில் முழுமையாகக் காண, இடைசெவல் கி. ராஜநாராயணன் வரும்வரை தமிழ் காத்திருந்தது.

இன்றும் நம் பிள்ளைகளிடம் இயற்கைக் காட்சி வரையச் சொல்லுங்கள். இரு மலைகள், நடுவே சூரியன், ஓர் ஆறு, கரையில் தென்னை. சன்னலுக்கு வெளியே நிற்கும் உடைமரமும், வெடித்த கரிசலும், கரிமூட்டத்தின் புகையும் அத்தாளில் வருவதில்லை.