ரோல்ஸ்ரோயும் சிறுவர் கதையாக்கமும்

எழுத்துக் கற்ற பிள்ளை காலப்போக்கிற் கதை எழுதவுங் கற்றுக்கொள்ளும் என்னும் எண்ணம் பள்ளிக்கூடங்களிலே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. எழுத்தின்பின் சொல், சொல்லின்பின் வாக்கியம், வாக்கியத்தின்பின் பந்தி, பந்தியின்பின் கட்டுரை என்று படிப்படியாக ஏறுவதே முறையெனக் கொள்ளப்படுகின்றது. கதை அப்படிகளுள் இறுதியானதாக வைக்கப்படுகின்றது. ஆயின், அரிவரி வகுப்பிற் புகுமுன்னரே பிள்ளை கதை சொல்ல வல்லதாயிருத்தலை வீட்டிலுள்ளோர் யாவரும் அறிவர். கதையோடு பள்ளிக்கு வந்த அப்பிள்ளை, நான்கைந்து ஆண்டுகள் கழிந்தபின் "கதையொன்று எழுதுக" எனப் பணிக்கப்படும்போது வெறுந்தாளை நோக்கி வாளாவிருப்பது யாது காரணம்பற்றி? இவ்வினாவை ஆழ்ந்து நோக்கியவருள் ஒருவர் உருசிய நாவலாசிரியரான லியோ ரோல்ஸ்ரோய்.

ரோல்ஸ்ரோய் தமது ஊராகிய யாஸ்னயா பொல்யானாவிலே 1859 ஆம் ஆண்டிற் குடியானவப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தார். அவ்வூரின் பெயரால் அவர் நடத்திய கல்விச் சஞ்சிகையில் 1862 ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதுந் தொழிலைக் குடியானவப் பிள்ளைகள் நம்மிடங் கற்பதா, நாம் அவர்களிடங் கற்பதா என்பதே அதன் தலைப்பின் பொருள். அக்கட்டுரை கூறும் நிகழ்ச்சி சுவையானது. கரண்டியால் ஊட்டிக் காம்பினாற் கண்ணைக் குத்துதல் என்னும் உருசியப் பழமொழியைப் பொருளாக வைத்து ஒரு கதை புனையுமாறு ஆசிரியர் கேட்கின்றார். பிள்ளைகள் திகைக்கின்றனர். பிச்சைக்காரன் ஒருவனுக்கு இடங்கொடுத்த குடியானவன் பின்னர் அவ்வுதவியைச் சொல்லிக்காட்டுவதாகக் கருதிப் பார்க்குமாறு கூறி, முதற் பக்கத்தை ஆசிரியர் தாமே எழுதத் தொடங்குகின்றார். அதன்பின் சியோம்கா, ஃபெத்கா என்னும் சிறுவர் இருவர் கதையைத் தம்வயப்படுத்திக்கொள்கின்றனர். மாலை 7 மணி தொடக்கம் இரவு 11 மணிவரை அவர்கள் சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதுகின்றார். தாம் எழுதிய முதற் பக்கம் செயற்கையானதென்றும், பிள்ளைகள் சொல்லியவையே உயிருள்ளவையென்றும் அவர் ஒப்புக்கொள்கின்றார்.

ஓரிடத்திலே, கதையில் வரும் அயலவன் ஒருவன் பெண்பிள்ளையின் மேலங்கியை அணிந்திருந்தான் என்று எழுதவேண்டுமென ஃபெத்கா கூறுகின்றான். அற்பமானதென எவரும் ஒதுக்கக்கூடிய செய்தி அது. ஆயினும், குளிர்கால மாலையிலே முதலிற் கைக்கெட்டியதை எடுத்துப் போர்த்துக்கொண்டு ஓடிவரும் எளிய மனிதனொருவன் அவ்வொரு சொல்லினாற் கண்முன் நிற்கின்றான். கதைத்திறன் அலங்காரச் சொற்களில் அன்று, தக்க விவரத்தைத் தெரிந்தெடுத்தலில் உளது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவற்றைக் கண்ட ரோல்ஸ்ரோய், பிள்ளை இயல்பாகவே நிறைவுடையது. வளர்ந்தோர் கற்பிப்பது அந்நிறைவைக் குலைப்பதேயாம் என்னும் முடிவுக்கு வந்தார். இம்முடிவை அப்படியே ஏற்றல் இயலாது. அவர் தரும் சான்றுகளே அதனை மறுக்கின்றன. பொருளைக் கொடுத்தவர் ஆசிரியர். எழுதத் தொடங்கியவர் ஆசிரியர். சொல்லப்பட்டவற்றை ஒழுங்குபடுத்தி எழுதியவரும் ஆசிரியரே. இடையில் அச்சிறுவர் தாமே எழுத முயன்று, விரைவில் அம்முயற்சியைக் கைவிட்டனர் என்பதும் அக்கட்டுரையாலேயே தெரிகின்றது. உருசிய உளவியலறிஞர் விகொட்ஸ்கி, சிறுவரின் கற்பனை பற்றி 1930 இல் வெளியிட்ட நூலிலே இதனை ஆராய்ந்து, அங்கு நிகழ்ந்தது கற்பித்தலேயன்றி வேறன்று எனக் காட்டினார். அது தக்க திறனாய்வேயாம்.

எனினும், கோட்பாட்டில் வழுவிய ரோல்ஸ்ரோய் செயன்முறையில் வழுவினாரல்லர். கட்டுரையின் இறுதியில், கதையெழுதுவோன் ஒரேவேளையிற் செய்யவேண்டிய தொழில்களை அவர் பகுத்துக் கூறுகின்றார். பல எண்ணங்களுள் ஒன்றைத் தெரிதல். அதற்கேற்ற சொல்லைத் தேர்தல். அதனை உரிய இடத்தில் வைத்தல். முன் எழுதியதை நினைவிற்கொண்டு கூறியது கூறாது தொடர்தல். சிந்தனையும் எழுத்தும் ஒன்றையொன்று தடுக்காவண்ணம் இரண்டையும் உடன் நிகழ்த்தல் என்பன அவை. இச்சுமை முழுவதையும் சிறுபிள்ளையின் தலையில் ஒருங்கே ஏற்றுதல் தகாது. ஆதலின், முதலிற் சிலவற்றை ஆசிரியர் தாம் ஏற்று, பின்னர் ஒவ்வொன்றாகப் பிள்ளையிடம் ஒப்படைத்தல் வேண்டும். கையெழுத்தையோ எழுத்துப் பிழையையோ வாக்கிய அமைப்பையோ பற்றிக் கதையாக்க வேளையிற் பேசலாகாது என்பதும் அவர் வகுத்த விதிகளுள் ஒன்று.

இவ்விதி தமிழ்ப் பிள்ளைக்குப் பெரிதும் வேண்டப்படுவது. தமிழிலே பேச்சு வழக்கு வேறு, எழுத்து வழக்கு வேறு. எனவே, மேற்கூறிய தொழில்களோடு ஒரு வழக்கை மற்றொரு வழக்காக மாற்றுந் தொழிலும் பிள்ளைமேற் சுமத்தப்படுகின்றது. "ஆட்டுக்குட்டி மழையுக்கை நிண்டு கத்தினது, அம்மம்மா உரப்பையைத் தலையிலை போட்டுக்கொண்டு ஓடினா" என்று வாயாற் சொல்லும் பிள்ளை, கொப்பியிலே "ஆடு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள் உண்டு" என்று எழுதுகின்றது. பின்னதிற் பிழையில்லை, ஆனாற் கதையுமில்லை. அம்மம்மாவின் தலையிலிருந்த உரப்பை ஃபெத்கா கண்ட மேலங்கிக்கு ஒப்பானது. அதனைச் சிவப்பு மையால் வெட்டும் ஆசிரியர் வழுவொன்றைக் களைந்துவிட்டதாக எண்ணுகின்றார். பிள்ளையோ, தான் கண்டது எழுதத் தகாதது என்னும் பாடத்தைக் கற்றுக்கொள்கின்றது. மாதிரிக் கட்டுரைகளை மனனஞ் செய்து பரீட்சைத்தாளில் ஒப்புவிக்கும் வழக்கம் அப்பாடத்தை உறுதிப்படுத்துகின்றது.

மரபுத் தமிழ் இதனாற் கெடாதோ என ஐயுறுவார் உளர். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பாலபாட நூல்களைத் தெளிந்த உரைநடையில் இயற்றினார். ரோல்ஸ்ரோயும் 1872 இற் குடியானவப் பிள்ளைகளுக்கென அரிச்சுவடியொன்றை வெளியிட்டார். பிள்ளைகளுக்கு வழங்கும் மொழி பிழையற்றதாயும் எளிதாயும் இருத்தல் வேண்டும் என்பதில் இருவருக்கும் வேற்றுமையில்லை. எனவே, திருத்தமான மொழி வேண்டுமோ வேண்டாவோ என்பதன்று வினா. எப்பொழுது வேண்டும் என்பதே வினா. வாசிப்பிற் பயின்ற செந்நடை, கதை தாளில் நிலைபெற்றபின் அதனைச் செப்பஞ் செய்ய வருதல் வேண்டும். கதை பிறக்குமுன்னரே வந்து வாயிலை மறித்தல் கூடாது.

கீழ்வகுப்பாசிரியர் செய்யத்தக்கது அரியதொன்றன்று. முதலிற் பிள்ளைகள் சொல்வதைக் கரும்பலகையில் அவர் எழுதலாம். எழுதும்போதே "பிறகு என்ன நடந்தது? அப்பொழுது அவர் கையில் என்ன இருந்தது?" என வினவலாம். அடுத்த நிலையிற் கதையின் முடிவை மாத்திரம் பிள்ளைகளே எழுதலாம். முழுக்கதையை எழுதும் வேளை அதன்பின் வரும். எழுத்துப் பிழை திருத்துவதற்கு மற்றொரு நாள் உண்டு. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருப்பினும் இம்முறைக்கு வேண்டுவது ஒரு பலகையும் பொறுமையுமே.

பிள்ளையே ஆசிரியன் என்ற ரோல்ஸ்ரோயின் கூற்று மிகையானது. ஆயினும், பிள்ளை சொல்வதைக் கேட்டு எழுதுதற்கு அப்பேரெழுத்தாளர் அன்றிரவு நான்கு மணிநேரம் அமர்ந்திருந்தார். அவ்வாறு அமர்ந்து கேட்டலே கதையாக்கக் கல்வியின் முதற்பாடம். அது ஆசிரியர் கற்கவேண்டிய பாடம்.