ராகுல்ஜியின் இந்தியும் போஜ்புரியும்

ராகுல் சாங்கிருத்தியாயன் என்றதும் தமிழ் வாசகர் நினைவுக்கு வருவது ‘வால்காவிலிருந்து கங்கை வரை’. கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த நூல் அது. அதை எழுதியவர் வீட்டில் பேசிய மொழி இந்தி அன்று, போஜ்புரி. அம்மொழியில் அவர் எட்டு நாடகங்கள் எழுதியிருக்கிறார். அவற்றை விட்டுவிட்டு அவரை மதிப்பிட்டால் படம் பாதிதான்.

இன்றைய உத்தரப் பிரதேசத்து ஆசம்கட் மாவட்டத்தில், தாய்வழிப் பாட்டனார் ஊரான பந்தகாவில் 1893 ஏப்ரல் 9 அன்று பிறந்தார். இயற்பெயர் கேதார்நாத் பாண்டே. பள்ளியில் கற்றது உருது. அதுவும் நடுநிலை வகுப்போடு சரி. சிறுவயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி, பீகாரின் சாரன் மாவட்டத்துப் பர்சா மடத்தில் வைணவத் துறவியானார். 1913இல் தமிழ்நாட்டுத் திருமழிசை மடத்திலும் தங்கினார். பிறகு ஆரிய சமாஜம், ஒத்துழையாமை இயக்கம், சிறை.

1927இல் இலங்கை வந்து களனி வித்தியாலங்காரப் பிரிவேனாவில் சமஸ்கிருதம் கற்பித்தார். அங்கேயே பாலி கற்றார். ராகுல் சாங்கிருத்தியாயன் என்ற பெயரை 1930இல் பௌத்தத் துறவு ஏற்றபோது சூடிக்கொண்டதும் இத்தீவில்தான். புத்தரின் மகன் பெயரோடு தம் கோத்திரப் பெயரையும் சேர்த்துக்கொண்டார். திபெத்துக்கு நான்கு முறை சென்று, இந்தியாவில் அழிந்துபோனதாகக் கருதப்பட்ட சமஸ்கிருத பௌத்த நூல்களைத் தேடினார். தர்மகீர்த்தியின் ‘பிரமாணவார்த்திகம்’ அப்படி மீண்டது. கொண்டுவந்த சுவடிகளும் துணி ஓவியங்களும் பாட்னா அருங்காட்சியகத்துக்குச் சென்றன.

காவியைக் களைந்து மார்க்சியத்துக்கு வந்தபின் சாரன் மாவட்ட உழவர் போராட்டத்தில் இறங்கினார். 1939இல் அம்வாரியில் ஜமீன்தாரின் ஆள் அடித்ததில் தலை உடைந்தது. மீண்டும் சிறை, ‘வால்கா’வின் இருபது கதைகளை எழுதியது ஹசாரிபாக் சிறையில். கி.மு. 6000 தொடங்கி 1942 வரை ஓடும் அந்நூல் படித்தவர்களுக்கானது. வயலில் நிற்பவர்க்கு அது எட்டாது என்பது அவருக்குத் தெரியும். 1940களின் முற்பாதியில் போஜ்புரி நாடகங்கள் பிறந்த காரணம் இதுவே. எத்தாளை, கற்பிட்டி போன்ற இலங்கையின் புத்தளக் கரையூர்களில் வீட்டுத் தமிழோடு வளர்ந்து பள்ளியில் நூல் தமிழுக்கு மாறியவர்கள் இந்த மொழி இடைவெளியை விளக்கமின்றியே புரிந்துகொள்வர்.

எட்டும் ஒரே தரமல்ல. ஜப்பானையும் ஜெர்மனியையும் சாடும் போர்க்கால நாடகங்கள் கம்யூனிஸ்டுக் கட்சிப் பிரசாரமாகவே நின்றுவிட்டன. ‘ஜோங்க்’ (அட்டை), ‘மெஹராருன் கே துர்தசா’ (பெண்களின் அவலநிலை), ‘நய்கீ துனியா’ (புதிய உலகம்) ஆகிய மூன்றும் வேறு வகை. உழைப்பவன் குருதியை உறிஞ்சுவோர் முதல் நாடகத்தின் பொருள். மகன் பிறந்தால் கொண்டாட்டமும் மகள் பிறந்தால் துக்கமுமான வீடு இரண்டாவதன் பொருள். அதே சாரன் மாவட்டத்தில் ‘பிதேசியா’ நாடகத்தால் பெயர்பெற்ற பிகாரி டாகூர் (1887–1971) ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்தார். பிழைப்புக்காகக் கல்கத்தா சென்ற கணவனும் காத்திருக்கும் மனைவியும் அவருடைய உலகம். மேடைக்கலையில் ராகுல் அவருக்கு இணையில்லை. துணிந்த கருத்தில், குறிப்பாகப் பெண்ணின் சொத்துரிமையை எழுப்பியதில், ஒரு படி முன்னே நின்றார்.

மொழிக் கொள்கையில் அவர் உள்முரண் கொண்டவர். தாய்மொழிகளில் கல்வி வேண்டும் என்று வாதிட்டவரே 1947இல் இந்தி சாகித்திய சம்மேளனத்தின் பம்பாய் மாநாட்டுத் தலைவராக இந்தியை நாட்டுக்குரிய பொதுமொழியாக உயர்த்திப் பேசினார். அவ்வுரை கம்யூனிஸ்டுக் கட்சியிலிருந்து அவரை வெளியேற்றியது. 1955இல் மீண்டும் சேர்ந்தார். ‘மத்திய ஆசியாவின் வரலாறு’ நூலுக்கு 1958இல் சாகித்திய அகாதமி விருது. 1959இல் களனிக்குத் திரும்பி, பல்கலைக்கழகமாகிவிட்ட வித்தியாலங்காரத்தில் மெய்யியல் பேராசிரியரானார். 1961இல் பக்கவாதம் தாக்கி நினைவை இழந்தார். 1963 ஏப்ரல் 14 அன்று டார்ஜிலிங்கில் காலமானார்.

அவர் நாடகம் எழுதிய போஜ்புரியின் அரசுநிலைச் சிக்கல் இன்னும் தீரவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழி என்றவர்கள் ஐந்து கோடிக்கு மேல். ஆனாலும் அவர்கள் இந்தியின் கீழேயே எண்ணப்பட்டனர். பக்கத்து மைதிலி 2003ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்தால் மொழிப் பட்டியலான எட்டாம் அட்டவணையில் ஏறியது, போஜ்புரி ஏறவில்லை.