வளாகத்தில் கார் நிறுத்த இடமில்லை: ஷூப்பை மாணவர் பக்கமிருந்து வாசித்தல்

கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, இளங்கலை மாணவர்களுக்கு வாரம் இரண்டு நாள் வகுப்பு எடுப்பது என் வேலை. காலை பத்து மணி வகுப்பு. ஒரு பெண் எப்போதும் பத்து இருபதுக்குத்தான் உள்ளே வருவாள். வருகைக்கு மதிப்பெண் உண்டு என்பதால் நானும் கறாராகக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஆறாவது வாரம் அவளே வந்து சொன்னாள். அதிகாலையில் ஒரு பேக்கரியில் வேலை, முடித்துவிட்டு ஒன்பதரைக்கெல்லாம் வளாகத்துக்குள் வந்துவிடுகிறாள். மீதி ஐம்பது நிமிடமும் கார் நிறுத்த இடம் தேடுவதிலும் அங்கிருந்து ஓடி வருவதிலும் போகிறது. பார்க்கிங் பர்மிட்டுக்கு அந்தப் பருவத்துக்கான பணத்தை முழுசாகக் கட்டியிருந்தாள். பஸ்ஸில் வரக்கூடாதா என்று கேட்டேன். இரண்டு பஸ் மாற வேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆகும், பேக்கரி வேலையை விட வேண்டியிருக்கும் என்றாள்.

அமெரிக்க வளாகங்களில் பர்மிட்டை 'வேட்டை உரிமம்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். பர்மிட் இருந்தால் தேடலாம், கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. இருக்கிற இடத்தைவிட அதிகப் பர்மிட் விற்பது சாதாரண நடைமுறை. எல்லாரும் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள் என்பது கணக்கு.

டொனால்ட் ஷூப் 2025 பிப்ரவரியில் காலமானார். அந்தச் செய்தியைப் படித்தபோது இந்தப் பெண்ணின் ஞாபகம்தான் வந்தது. யூசிஎல்ஏவில் நகரத் திட்டமிடல் பேராசிரியராக இருந்த அவருடைய 'தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்' 2005இல் வெளிவந்தது. எழுநூறு பக்கத்துக்கு மேல். பார்க்கிங்கைப் பற்றி எழுநூறு பக்கமா என்று நினைத்துத்தான் திறந்தேன், வைக்க முடியவில்லை. பல்கலைக்கழக வளாகப் பார்க்கிங்கைப் பற்றி மட்டும் 2008இல் ஒரு தொகைநூலில் தனிக் கட்டுரையும் எழுதினார். இரண்டையும் சமீபத்தில் மறுபடி படித்தேன். நோயை அவர் கண்டுபிடித்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. மருந்தில்தான் தகராறு.

முதலில் நோய். சும்மா கொடுத்தாலோ, விலையைக் குறைத்து வைத்தாலோ இடம் எப்போதும் போதாது. போதாமல் போகும்போது விலைக்குப் பதில் வேறு ஏதோ ஒன்று வரிசையைத் தீர்மானிக்கிறது: பதவி, சீனியாரிட்டி, காத்திருக்கும் பொறுமை, பொய். பெர்க்லி வளாகத்தில் நோபல் பரிசு பெற்றவர்களுக்கென்றே 'என்எல்' என்று பலகை போட்ட தனி இடங்கள் உண்டு. நோபல் பரிசின் உண்மையான பயன் இதுதான் என்று அங்கே எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். யூசிஎல்ஏவில் மாணவர்களுக்கு ஒரு புள்ளிமுறை இருந்தது. வீடு எவ்வளவு தூரம், எத்தனையாவது வருஷம் என்பதற்கெல்லாம் புள்ளி. தூரத்துக்குப் புள்ளி என்றால் என்ன நடக்கும்? எல்லாருக்கும் ஒரு தூரத்துச் சித்தி கிடைத்துவிடுவாள்! இதன் உச்சம் 1999இல் வந்தது. யூசிஎல்ஏ கால்பந்து அணியைச் சேர்ந்த பத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டையை மோசடியாக வாங்கியதாக வழக்கு வந்தது. வளாகத்திலேயே உடல் வலுவுள்ள பையன்கள் அவர்கள்.

வளாகத்தை ஒட்டிய வெஸ்ட்வுட் வில்லேஜ் கடைத்தெருவில் ஷூப்பும் அவருடைய மாணவர்களும் செய்த ஆய்வு பிரசித்தம். பதினைந்து பிளாக்குகள், சாலையோரமாக 470 மீட்டர் இடங்கள். சைக்கிளில் மீட்டர் பொருத்திச் சுற்றிச் சுற்றி வந்து அளந்தார்கள். இடம் தேடச் சராசரியாக 3.3 நிமிடம், அரை மைல். கேட்டால் அற்பமாக இருக்கும். ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தால் இந்தச் சின்னத் தெருக்களில் இடம் தேடி மட்டுமே கார்கள் ஓடிய தூரம் 9,50,000 மைல். பூமியை 38 தடவை சுற்றலாம். அந்தப் பெண்ணின் ஐம்பது நிமிடமும் இப்படிப்பட்ட ஒரு கணக்கில் சேர வேண்டியதுதான். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

அடுத்து, "இன்னொரு மாடிப் பார்க்கிங் கட்டுங்கள்" என்ற கோரிக்கை. மாணவர் பேரவைத் தேர்தல்களில் தவறாமல் வரும் வாக்குறுதி இது. ஒரு கார் நிற்கும் இடத்துக்கு, உள்ளே வந்துபோகும் வழியையும் சேர்த்தால், ஏறத்தாழ 330 சதுர அடி வேண்டும். வகுப்பறையில் ஒரு மாணவர் உட்கார இருபது சதுர அடி தாராளம். அதாவது மாணவரைவிட அவருடைய காருக்குப் பதினாறு மடங்கு இடம். கலிபோர்னியப் பொதுப் பல்கலைக்கழகங்களில் பார்க்கிங் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு மானியம் அதற்கு வராது. புதுக் கட்டடத்தின் கடனை எல்லாப் பர்மிட்காரர்களும் சேர்ந்துதான் அடைக்கிறார்கள். பழைய தரைமட்ட இடத்தில் நிறுத்துபவரும் புது மாடிக்கு வட்டி கட்டுகிறார். மொத்தச் செலவைச் சராசரியாக்கி விலை வைப்பதால், புதிதாக ஒரு இடம் கட்ட ஆகும் உண்மையான செலவு யார் கண்ணிலும் படுவதில்லை. இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்ற குரல் நிற்காததற்கு இதுவே காரணம் என்கிறார் ஷூப். இதுவரை முழுச் சம்மதம்.

இனி மருந்து. புள்ளி, பதவி, பட்டியல் எல்லாவற்றையும் தூக்கிப் போடு. எப்போதும் நூற்றுக்குப் பதினைந்து இடம் காலியாக இருக்கும்படி இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் விலையை ஏற்றி இறக்கு. கடைத்தெருவுக்கு இது அருமையான யோசனை. சட்டை வாங்க வருகிறவர் சனிக்கிழமை மாலை விலை அதிகம் என்றால் செவ்வாய்க்கிழமை காலை வருவார். நேரம் அவர் கையில் இருக்கிறது.

பத்து மணி வகுப்பு மாணவியின் கையில் இல்லை. அதை வைத்தது பல்கலைக்கழகம். நான் ஷூப்போடு முரண்படும் இடம் இதுதான். காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை எல்லா வளாகங்களிலும் கூட்டம் பிதுங்குகிறது. எட்டு மணிக்கும் நான்கு மணிக்கும் பாதி காலி. காரணம் மாணவர்களின் சோம்பலா? கொஞ்சம் அதுவும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய காரணம், பேராசிரியர்களுக்கு எட்டு மணியும் பிடிக்காது, நான்கு மணியும் பிடிக்காது. கால அட்டவணை அவர்கள் விருப்பப்படி அமைகிறது. அந்த விருப்பம் உண்டாக்கிய நெரிசலுக்கு விலையை ஏற்றினால், செலவு மாணவர் தலையில் விழுகிறது. ஒரு கணக்குக்கு, 3,000 இடங்கள் உள்ள வளாகத்தில் பதினோரு மணிக்கு 3,600 கார் வருகிறது, மூன்று மணிக்கு 1,800 கார் என்று வைத்துக்கொள்வோம். பதினோரு மணி வகுப்புகளில் ஒரு பகுதியை மூன்று மணிக்கு நகர்த்தினாலே ஒரு செங்கல்கூட வைக்காமல் பற்றாக்குறை தீர்ந்துவிடும். எழுநூறு பக்கத்தில் இவ்வளவு நுணுக்கமாக விலையைப் பற்றி யோசித்தவர், கால அட்டவணை என்ற ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான். ஷூப் வளாகத்துக்குச் சைக்கிளில் வருபவர். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் வளாகத்துக்குச் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் வீடு கிடைத்த ஒருவரின் பார்வை புத்தகத்தில் ஆங்காங்கே தெரியாமலும் இல்லை.

வீடு என்றதும் இன்னொன்று. மாணவர் ஏன் காரில் வருகிறார்? வளாகத்தின் அருகே வாடகை கொடுக்க முடியாததால். யூசிஎல்ஏவை எடுத்துக்கொண்டால், சுற்றிலும் வெஸ்ட்வுட், பெல் ஏர், பிரென்ட்வுட். லாஸ் ஏஞ்சலஸிலேயே பணக்காரப் பகுதிகள். மாணவர் மலைக்கு அந்தப்பக்கம் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் அறை எடுத்து, 405 நெடுஞ்சாலையில் ஊர்ந்து வருகிறார். 2022இல் யூசிஎல்ஏ, புதிதாகச் சேரும் முதலாமாண்டு மாணவர்களுக்கு நான்கு வருஷமும் விடுதி இடம் உறுதி என்று அறிவித்தது. செய்தித்தாள்கள் அதை வீட்டுவசதிச் செய்தியாகப் போட்டன. எனக்கு அது பார்க்கிங் செய்தி. விடுதியில் ஒரு கட்டில் போட்டால் தினமும் ஒரு கார் குறைகிறது.

சரி, ஷூப்புக்கு நியாயமாகவும் இருக்க வேண்டும். ஏழைகளைப் பற்றி அவர் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. உண்மையிலேயே ஏழையான மாணவரிடம் காரே இல்லை. கார் வைத்திருப்பவருக்கு ஏன் சலுகை என்பது அவருடைய வாதம். பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. அவர் வெறும் விலைவாசிக்காரரும் அல்ல. 2000இல் யூசிஎல்ஏவில் 'புரூயின்கோ' என்ற திட்டம் வந்தது. சாண்டா மோனிகாவின் 'பிக் ப்ளூ பஸ்'ஸில் பல்கலைக்கழக அடையாள அட்டையைக் காட்டி ஏறிக்கொள்ளலாம். பணத்தைப் பல்கலைக்கழகம் பஸ் நிர்வாகத்துக்குக் கொடுத்துவிடும். ஷூப்பும் ஜெஃப்ரி பிரவுனும் டேனியல் ஹெஸ்ஸும் இதை ஆராய்ந்தார்கள். முதல் வருஷத்திலேயே வளாகத்துக்குப் பஸ்ஸில் வருவது 56 சதவீதம் கூடியது; தனியாகக் காரோட்டி வருவது 20 சதவீதம் குறைந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1991லேயே 'யூ-பாஸ்' என்று இதைப்போல் ஒன்றைத் தொடங்கியிருந்தது. நம்மூர் அரசுக் கல்லூரிப் பஸ் பாஸில் படித்தவர்களுக்கு, இதையெல்லாம் ஒரு கண்டுபிடிப்பாக விவரிக்கும் ஆய்வுக்கட்டுரையைப் படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். அங்கே ஃபுட்போர்டில் தொங்க வேண்டியதில்லை என்பது வித்தியாசம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பஸ் வழித்தடத்தில் குடியிருப்பவருக்குத்தான் அது வரம். இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம் வருகிறவருக்கு டிக்கெட் இலவசமானாலும் நேரம் இலவசமாகாது. என் மாணவிக்குப் பிரச்சினை கட்டணமே அல்ல.

வளாகங்களில் உடனே மாற்றக்கூடிய ஒரு விஷயம் பர்மிட்டின் வடிவம். பருவத்துக்கோ வருஷத்துக்கோ மொத்தமாகப் பணம் வாங்குவது ஹோட்டலில் அன்லிமிடெட் மீல்ஸ் டோக்கன் மாதிரி. டோக்கன் வாங்கியபின் யார் அளவாகச் சாப்பிடுவார்கள்? பணம் போனது போனதுதான் என்றபின் தினமும் காரை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். நாள்கணக்கில் வாங்கினால் ஒவ்வொரு காலையும் யோசிக்க வேண்டிவரும். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வகுப்பு, நண்பனோடு போய்விடலாமே என்று தோன்றும். எம்ஐடி 2016இல் தன் ஊழியர்களுக்கு இதைச் செய்தது: வருஷப் பர்மிட்டுக்குப் பதில் நாள் கட்டணம், கூடவே இலவச மெட்ரோவும் பஸ்ஸும். ஊழியர்களுக்கு என்பதை அடிக்கோடிட வேண்டும்.

ஷூப்பின் மிகப் பெரிய வெற்றியிலும் இதே ஓட்டைதான். அவருடைய யோசனையை ஒட்டி 1992இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. வாடகைக்கு இடம் எடுத்து ஊழியருக்குச் சும்மா பார்க்கிங் கொடுக்கும் நிறுவனம், "கார் வேண்டாம்" என்பவருக்கு அந்தத் தொகையைப் பணமாகக் கொடுக்க வேண்டும். இதைச் செய்த எட்டு நிறுவனங்களை அவர் ஆராய்ந்தபோது, தனியாகக் காரோட்டி வருபவர்கள் 17 சதவீதம் குறைந்திருந்தார்கள். தண்டிக்காமல் பழக்கத்தை மாற்றும் அழகான வழி. மாணவர் ஊழியர் அல்லவே. அவருக்கு அப்படி யாரும் எதுவும் கொடுப்பதில்லை. காரை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் அவருக்கு மிச்சம் பெட்ரோல் மட்டும்தான்.

பாஸடினாவின் பழைய கடைத்தெருவில் 1993இல் மீட்டர் வைத்தபோது, வசூலை அதே தெருவின் நடைபாதைக்கே செலவழிப்போம் என்றதும் கடைக்காரர்கள் சம்மதித்ததை ஷூப் ரசித்து ரசித்து எழுதுகிறார். கடைக்காரர்களுக்குப் பேரம் பேசும் வலு இருந்தது. வளாகத்தில் மாணவர் கட்டும் பணம் பழைய மாடிகளின் கடனுக்குப் போகிறது. விலையை மாற்றும் குழுவில் பெயருக்கு ஒரு மாணவப் பிரதிநிதி இருப்பார். அடுத்த வருஷம் பட்டம் வாங்கிப் போய்விடுவார். பேராசிரியர் முப்பது வருஷம் இருப்பார். ஷூப் இந்த அரசியலை நன்றாக விவரிக்கிறார். ஆனால் விலை வந்துவிட்டால் அரசியல் போய்விடும் என்று நம்புகிறார். விலையை யார் நிர்ணயிப்பது என்பதும் அதே அரசியல்தானே?

கலிபோர்னியப் பல்கலைக்கழகங்களின் தலைவராக இருந்த கிளார்க் கெர் சொன்ன ஒரு பழைய ஜோக் எல்லாருக்கும் தெரியும். நிர்வாகிக்கு மூன்று தலைவலி: மாணவர்களின் காதல் விவகாரம், பழைய மாணவர்களின் விளையாட்டுப் பைத்தியம், ஆசிரியர்களின் பார்க்கிங். அறுபது வருஷத்துக்கு மேலாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கிங் அந்தப் பட்டியலில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

அந்தப் பெண்ணுக்குக் குறைத்த மதிப்பெண்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த பருவத்தில் என் வகுப்பை மதியம் மூன்று மணிக்கு மாற்றித் தரக் கேட்டேன். துறை அலுவலகத்தில் உடனே கொடுத்தார்கள். அந்த நேரத்தை யாரும் கேட்பதே இல்லையாம். கார் நிறுத்த இடம் தாராளமாக இருந்தது. யாரும் தாமதமாக வரவில்லை. முதல் வாரத்தில் இரண்டு பேர், நாலு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லி, பத்து மணிப் பிரிவுக்கு மாறிப் போனார்கள்.