ஆறு மாதத் தவணை

குடியால் கல்லீரல் சுருங்கியவர் ஆறு மாதம் மதுவைத் தொடாமல் இருந்து காட்டினால்தான் மாற்று அறுவை சிகிச்சை என்ற பழைய விதிக்கு இப்போதும் வக்காலத்து வாங்குகிறார்கள். ‘கிடைப்பதே கொஞ்சம், தகுதி பார்க்க வேண்டாமா?’ என்கிறார்கள்.

விதியில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. குடியை நிறுத்திய சில மாதங்களில் வயிற்றுநீர் வற்றி, காமாலை இறங்கி, அறுவையே தேவைப்படாமல் போகிறவர்கள் உண்டு. மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து கிடைக்கும் கல்லீரல் போதவில்லை என்பதும் உண்மை. அதோடு சரி.

நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைக் காட்ட, பிலிருபின், கிரியாட்டினின், ஐ.என்.ஆர். என்ற மூன்று ரத்தப் பரிசோதனை அளவுகளை வைத்துப் போடும் ‘மெல்ட்’ மதிப்பெண் 15-ஐத் தொட்டால் மாற்று பற்றிப் பேச்செடுக்கலாம் என்பது பொது வழக்கம். 2002இல் அமெரிக்கா தன் காத்திருப்புப் பட்டியலையே இந்த எண்ணுக்கு மாற்றியது. எத்தனை நாள் காத்திருந்தார் என்பதைவிடச் சாவு எவ்வளவு அருகில் என்பதே கணக்கு. ஆறு மாத விதியோ சாகாமல் தாக்குப்பிடித்தவருக்கே கல்லீரல் என்கிறது! குடியால் வரும் கடும் கல்லீரல் அழற்சி ஸ்டீராய்டுக்கும் மசியாதபோது, பெரும்பாலோர் அந்த ஆறு மாதத்தைத் தாண்டுவதில்லை. 2011இல் வெளியான பிரெஞ்சு-பெல்ஜிய ஆய்வில் அப்படிப்பட்ட 26 பேருக்குத் தவணை கேட்காமல் கல்லீரல் பொருத்தினார்கள். ஆறு மாத முடிவில் 77 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். மாற்று கிடைக்காத ஒப்பீட்டுக் குழுவில் 23 சதவீதத்தினர்தான். பின்னாளில் மறுபடி குடித்தவர்கள் மூன்று பேர். குடும்பம் துணை நிற்கிறதா, நோய் இப்போதுதான் முதன்முறை வெளிப்பட்டதா என்றெல்லாம் விசாரித்துத்தான் ஆளைத் தேர்ந்தார்கள். நாட்காட்டியை நம்பவில்லை.

சர்க்கரையாலும் உடல் பருமனாலும் கல்லீரல் கெட்டவரிடம் ஆறு மாதம் இனிப்பு தொடாமல் இருந்து காட்டச் சொல்வதுண்டா? பற்றாக்குறை வாதமும் இந்தியாவில் பாதிதான் நிற்கும். இங்கே நடக்கும் மாற்றுகளில் பெரும்பாலானவை உயிரோடிருக்கும் உறவினர் தரும் பகுதிக் கல்லீரலால் நடப்பவை. மனைவி முன்வந்து கொடுக்கும்போது கணவர் யாருடைய இடத்தைப் பறிக்கிறார்? மனைவிக்கும் ஆபத்து உண்டுதான்; ஆறு மாதம் தள்ளிப்போட்டால் அந்த ஆபத்து குறைந்துவிடுமா?

2003 முதல் அரசே கடை திறந்து மது விற்கும் தமிழ்நாட்டில், நன்னடத்தைச் சான்றிதழ் குடித்தவரிடம் மட்டும்தான் கேட்கப்படுகிறது. ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்புகிறவர்கள், அந்த ஆறு மாதத்தில் குடியை விடவைக்க மனநல மருத்துவர் ஒருவரிடமாவது அனுப்பினார்களா என்று நோயாளியின் கோப்பைப் புரட்டிப் பாருங்கள்.