எழுத்தைத் தீண்டாத அலங்காரம்

திருவரங்கம் கீழ உத்தர வீதியில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து கிடைத்த, நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு உரையான ஈட்டின் பழைய அச்சுப் பிரதியொன்றை, அதன் அட்டை உதிர்ந்து தாள்கள் பழுத்துப்போன பிறகும் நான் அடிக்கடி எடுத்துப் புரட்டுவதற்குக் காரணம் விஷயத்தின் மேன்மை மட்டுமன்று. காலக்ஷேபத்துக்குப் போய்வந்த என் பாட்டனார், ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சிலால் அதில் செய்துவைத்திருக்கும் காரியமுந்தான். பாசுரத்தின் சொல்லுக்கு நீலக்கோடு; சாஸ்திரப் பிரமாணத்துக்குச் சிவப்புக்கோடு; ஆசாரியர்களைப் பற்றிய ஐதிஹ்யம் வருமிடத்தில் ஓரத்தில் ஒரு புள்ளி. அவ்வளவே அவருடைய விதிகள். புத்தகம் முழுவதிலும் ஓரிடத்திலாவது அவை பிசகவில்லை.

திருவரங்கத்தில் நம்பிள்ளை சொன்னதை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த அந்த நூல் முப்பத்தாறாயிரப்படி. படியொன்றுக்கு 32 எழுத்து என்ற பழங்கணக்கில் பதினோரு லக்ஷத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள். அதற்குள் ஆழ்வாரின் சொல், அதற்கு முந்தைய ஆசாரியர்கள் கூறிய பொருள், இராமாயண சுலோகம், எதிர்க்கேள்வி, சமாதானம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. ஓலையிலோ இவையனைத்தும் இடைவெளியின்றி ஒரே சீரான கையெழுத்தில் ஓடும். எந்த மேற்கோள் எங்கிருந்து வந்ததென்று தேடிப் பிரமாணத் திரட்டாகத் தொகுத்தளித்த மணவாள மாமுனிகளின் உழைப்பு எத்தகையதென்பது, அத்தகைய ஓலையை ஒருமுறையேனும் கையிலெடுத்தவர்க்கே விளங்கும். அச்சு வந்தபின் மூலம் பெரிய எழுத்திலும், எடுத்த சொல் பிறை அடைப்புக்குள்ளும், வடமொழி கிரந்தத்திலுமாக ஒவ்வொன்றும் தன் வேஷத்தைப் பூண்டது.

ஆனால் ஈய எழுத்தைக் கோத்து அச்சிட்டு முடித்தால் முடிந்ததுதான். வேஷத்தை மாற்ற வழியில்லை. அந்தக் குறையைத் தீர்க்கக் கணினியில் வந்ததே ஸ்டைல்ஷீட் என்பது. நூலுக்குள் ‘இது மூலம்’, ‘இது பிரமாணம்’ என்று பெயர் மட்டும் குறித்துவிட்டு, அந்தப் பெயருடையது எப்படித் தோன்ற வேண்டுமென்பதை வேறொரு கோப்பில் எழுதிவைப்பது இதன் மர்மம். ஹோக்கன் வியூம் லீ 1994இல் முன்மொழிய, 1996 டிசம்பரில் முறையான பரிந்துரையாக வெளிவந்த, வலைப்பக்கங்களுக்கான சி.எஸ்.எஸ். இந்த வகையைச் சேர்ந்தது.

இதன் இலக்கணத்தை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை. பொதுவிதியும் சிறப்புவிதியும் மோதினால் சிறப்புவிதி வெல்லும். இரண்டும் சமபலமுடையவையாயின் பின்னால் எழுதப்பட்டது வெல்லும். உத்ஸர்க்கம், அபவாதம் என்று வியாகரணம் படித்தவர்கள் சொல்வது முன்னதையே; பின்னதோ, பாணினியின் முதல் அத்தியாயம் நான்காம் பாதத்து இரண்டாம் சூத்திரத்துக்கு வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் பொருளேயன்றி வேறில்லை. எல்லா விதிகளையும் மிதித்துக்கொண்டு ‘இதுவே முக்கியம்’ என்று கூவும் ஓர் ஆணையும் அதில் உண்டு. அதை அடிக்கடி கையாளுபவனை நல்ல சிற்பியென்று நான் ஒப்பேன்.

ஈட்டில் ஒரு பதிகத்தை எடுத்து நானே குறியிட்டுப் பார்த்தேன். பிரமாணங்களுக்கு மஞ்சள் பின்னணி கொடுத்தேன். பக்கம் முழுவதும் மஞ்சள்காப்பு சார்த்தியதுபோல் ஆயிற்று, எதுவும் தனித்துத் தெரியவில்லை. பின்னணியை நீக்கிப் பாட்டனாரின் சிவப்பையும் நீலத்தையுமே எழுத்துக்கு ஏற்றினேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. தெப்பக்குளத்தருகே கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தபோது இரண்டும் ஒரே சாம்பல் நிறமாய் வந்து என்னைப் பார்த்துச் சிரித்தன. பிறகு அச்சுக்கென்று தனியே ஒரு பகுதி எழுதி, பாசுரச் சொல்லைத் தடித்த எழுத்தாக்கிப் பிரமாணத்தின் இடப்புறத்தில் மெல்லிய கோடொன்றை இழுத்தேன். இத்தனைக்கும் மூலக்கோப்பில் ஓர் எழுத்துக்கூட அசையவில்லை.

அடுத்த வீட்டுப் பெரியவர், இன்றும் காலக்ஷேபத்துக்குப் போகிறவர், ஒரு சாயங்காலம் வந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஐதிஹ்யம் மட்டும் தெரியறாப்போல பண்ண முடியுமோடா?” என்று கேட்டார். இரண்டு வரி சேர்த்தேன். மற்றதெல்லாம் வெளிறிப் பின்வாங்க, கதைகள் மட்டும் கறுத்து நின்றன. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு நாழிகை வாசித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, “சரி, போரும். மத்தவாளையும் வரச்சொல்லு” என்றார்.