ரீவோவின் வெள்ளை ஜன்னல்கள்

ரோஜர் ஃபென்டனை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 1855-ல் கிரைமியப் போருக்கு கேமராவோடு போனாரே, அவர்தான். அதற்கு முந்தின வருஷம் இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில், ஒரு பாழடைந்த மடாலயத்தைப் படம் எடுத்தார். ஊர் பேர் ரீவோ. (ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தால் 'ரீவால்க்ஸ்' என்று வரும். படிக்காதீர்கள்.)

போர்ப் படங்களைவிட எனக்கு இவைதான் உசத்தி.

முதல் பார்வைக்கு காலண்டர் படம் மாதிரிதான் இருக்கும். கூரையில்லாத சர்ச், கூம்பு வளைவுகள், காலியான ஜன்னல்கள். 1132-ல் சிஸ்டர்ஸியன் துறவிகள் தொடங்கிய மடம் இது. 1538-ல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் வந்து மூடினார்கள். கூரையின் ஈயத்தைக்கூட விடாமல் கழற்றி உருக்கினார்கள். பட்டப்பகல் கொள்ளை! அந்தக் கோபம் படத்தில் துளியும் இல்லை. எல்லாம் ரொம்ப அழகாக, அமைதியாக இருக்கிறது. ஃபென்டன்மேல் எனக்குள்ள ஒரே புகார் இது.

இந்த மாதிரி சர்ச்சுகளுக்கு கைடு புத்தகங்களில் ஒரு சூத்திரம் உண்டு. தரைப்படம் சிலுவை. மூன்று ஜன்னல் என்றால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி. பலிபீடம் கிழக்கே, உதயசூரியன் பக்கம். ரீவோவில் மும்மூன்றாக இரண்டு அடுக்கு ஜன்னல்கள் இருக்கின்றன, சரி. கிழக்கு? அங்கேதான் வம்பு. பள்ளத்தாக்கு குறுகல் என்பதால் சர்ச்சையே திருப்பி, ஏறக்குறைய வடக்கு தெற்காகக் கட்டிவிட்டார்கள். 'கிழக்கு' ஜன்னல் பார்ப்பது தெற்குப் பக்கம். மலைச்சரிவிடம் சூத்திரம் என்ன செய்யும்?

அர்த்தம் தேடித்தான் ஆகவேண்டும் என்றால் வேறு இடத்தில் தேடலாம். சிஸ்டர்ஸியன் விதிப்படி ஜன்னல் கண்ணாடியில் வண்ணம் கூடாது, உருவம் கூடாது. வெறும் வெள்ளை. இப்போது படத்தில் அந்த ஜன்னல்களைப் பாருங்கள். கண்ணாடி போய் முந்நூறு வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது. ஆனால், அந்தக் காலத்து கொலோடியன் ரசாயனம் நீல நிறத்துக்கு அநியாயமாக மசியும். வானம் பாலாக வெளுத்துவிடும். அதனால் ஒவ்வொரு ஓட்டையிலும் வெள்ளை நிரம்பி நிற்கிறது. துறவிகள் கேட்ட அதே வெள்ளை! ராஜாவின் ஆட்கள் பிடுங்கியதை ஒரு ரசாயனக் கோளாறு திருப்பிக் கொடுத்திருக்கிறது.

ஃபென்டன் இதைத் திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் வாதாட வரவில்லை. வாதாடுவதற்கு அவரே சட்டம் படித்தவர். வெளுத்த வானம் அன்றைய போட்டோகிராபர்கள் எல்லோருக்கும் தலைவலி. கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டும். அந்த அவசரத்தில் தத்துவத்துக்கு ஏது நேரம்?

1862-ல் கேமராக்களை விற்றுவிட்டு மறுபடி சட்டத் தொழிலுக்கே போய்விட்டார். 1869-ல் காலமானார், வயது ஐம்பதுதான். படம் எங்காவது பெரிய பிரதியாகக் கிடைத்தால் வளைவுகளை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஜன்னல்கள்.