எபிடாரஸும் இருக்கன்குடியும்

யுங் மரபு உளவியல் சங்கங்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். இவர்கள் இந்தியாவோடு பேசினார்களா, இல்லை இந்தியாவைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களா?

சங்கங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1916-ல் சூரிச்சில் உளவியல் கழகம். 1933 முதல் அஸ்கோனாவில் எரனோஸ் கூட்டங்கள். 1948-ல் சூரிச்சில் யுங் நிலையம். 1955-ல் பகுப்பாய்வு உளவியலாளர்களின் பன்னாட்டுச் சங்கம், 1958-ல் அதன் முதல் மாநாடு. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் ரஷ்யாவுக்கு மேற்கிலிருந்து பகுப்பாய்வாளர்கள் போய்ப் போய் வந்து பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி நிலையமே இல்லாத நாட்டிலிருந்து தனி ஆள் ஒருவர் பயிற்சி பெறவும் வழி வைத்திருக்கிறார்கள். உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தியாவைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் ஒருவழிப்பாதை. பயிற்சி அங்கிருந்து வருகிறது, குறியீடுகள் இங்கிருந்து போகின்றன.

யுங்கே இதற்கு முதல் உதாரணம். இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்காக 1937 கடைசியில் இங்கே வந்தார். திருவனந்தபுரம் வரை போனவர் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. பிறகு 1944-ல், ரமணரைப் பற்றி ஹைன்ரிஷ் ஸிம்மர் எழுதிய நூலைப் பதிப்பித்தபோது, போகாததற்கு முன்னுரையில் காரணம் சொல்கிறார். அந்த முன்னுரையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. திருவனந்தபுரத்தில் ரமணரின் சீடர் ஒருவரைப் பார்த்தாராம். தொடக்கப்பள்ளி ஆசிரியர் போன்ற நிலையில் இருந்தவர், பிள்ளைகுட்டிக்காரர். மகானைவிட இந்த மனிதர்தான் யுங்கை அதிகம் ஈர்க்கிறார். சம்சாரியாக இருந்துகொண்டே ஞானத்தைச் சுமக்கிறவர். பிடிக்க வேண்டிய நூல் அதுதான். மரபோ சக்கரம், மண்டலம், காளி என்று படங்களின் பக்கமே அதிகம் சாய்ந்தது.

1949-ல் யுங்கின் நெருங்கிய சகா சி. ஏ. மையர் ஒரு புத்தகம் எழுதினார். பழைய கிரேக்கத்தில் எபிடாரஸ் போன்ற அஸ்கிலிப்பியஸ் கோயில்களில் நோயாளிகள் போய்த் தங்குவார்கள். தூக்கத்தில் தெய்வம் கனவில் வந்து குணப்படுத்தும். அதை இன்றைய உளசிகிச்சையோடு ஒப்பிடுகிற நூல் அது. நோயும் தெய்வம், மருந்தும் தெய்வம் என்பது அவருடைய மையமான கருத்து.

இதைப் படிக்கிற சாத்தூர்க்காரன் சிரிக்கத்தான் செய்வான். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சூழ்ந்த இருக்கன்குடியில் மாரியம்மன் இருக்கிறாள். ஆடி கடைசி வெள்ளிக்கு ஊர் ஊராக நடந்து வருவார்கள். அம்மை கண்டவர்களும் கண் நோய்க்காரர்களும் காப்புக் கட்டி, கோயிலிலேயே தங்கி வயனம் இருப்பார்கள். நம்ம பக்கம் நோயின் பெயரே அம்மைதான். மேலே முத்துப் போட்டால் ‘அம்மா வந்திருக்கா’ என்போம். தருகிறவளும் அவளே, எடுக்கிறவளும் அவளே. மையர் கல்வெட்டுகளில் தேடிய விஷயம் இங்கே வேப்பிலையோடு உயிரோடு நடமாடுகிறது.

எரிக் நாய்மானின் ‘மகா அன்னை’ (1955) எரனோஸ் படக் காப்பகத்திலிருந்து வளர்ந்த நூல். அதன் வரைபடத்தில் காளி எதிர்மறைக் கோடியில் நிற்கிறாள். ஒரே மூலப்படிவத்தில் இரண்டு முகமும் உண்டு என்று அவரும் சொல்கிறார்தான். இருந்தாலும் கொடியவள் ஒரு பக்கம், நல்லவள் ஒரு பக்கம் என்று கோடு கிழித்துவிட்டால் மாரியை எங்கே நிறுத்துவது? கோடு தப்பு என்று வயனம் இருக்கிற கிழவியே சொல்வாள். அவளிடம் யார் கேட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

கேட்டவர்கள் உண்டு. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். நோய்க்குறி அளவு கிட்டத்தட்ட 20 விழுக்காடு குறைந்திருந்தது. தனிச் சடங்கு எதுவும் காரணமாகத் தெரியவில்லை. ஆதரவான, மிரட்டாத இடம்தான் உதவியது என்றார்கள். கனவு, மூலப்படிவம் என்று எதுவும் பேசவில்லை. கட்டுப்பாட்டுக் குழு இல்லாத சின்ன ஆய்வு, அவ்வளவுதான். ஆனாலும் ஆளைப் பார்த்து எழுதியது.

அதற்காகக் கோயில், தர்கா எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் மாட்டி 28 பேர் செத்துப்போனார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. நம்பிக்கையைப் புகழ்ந்துவிட்டு இந்தச் சங்கிலியைப் பார்க்காமல் போனால் அதுவும் ஒரு குருட்டுத்தனம்.

கூட்டுறவு என்றால் குஜராத் உனாவாவில் மீரா தாதார் தர்காவில் நடந்ததைச் சொல்லலாம். முஜாவர்களே நோயாளியை மருத்துவரிடம் அனுப்பினார்கள். துவாவும் நடந்தது, மாத்திரையும் கிடைத்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மதித்தால்தான் இது நடக்கும்.

யுங் சங்கங்கள் இங்கே வந்தால் கொண்டுவர வேண்டியது குறியீட்டு அகராதியை அல்ல, கேட்கிற காதை. பகுப்பாய்வாளராக நூற்றுக்கணக்கான மணி நேரம் சொந்த ஆய்வும் அதற்கேற்ற பணமும் வேண்டும். சிவகாசிப் பக்கம் வெடிவிபத்தில் ஆளைப் பறிகொடுத்த வீட்டில் கனவு தமிழில்தான் வரும். அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்லு என்றால் பாதி போச்சு. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தமிழில் கேட்கத் தெரிந்த ஒருவரை உருவாக்கினால், அதை நான் கூட்டுறவு என்று ஒத்துக்கொள்வேன்.